உதாரணத்துக்கு ஒரு தேதி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மாமாவும் நலம். நீ நலமா? அந்த முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால்தான் இது.

எங்கள் சட்டைக் கம்பெனியைப் பூட்டி இரண்டு வருஷமாகக் காலியாகக் கிடந்த கட்டடத்துக்கு ஒருவழியாக ஆள் வந்திருக்கிறது. வந்திருப்பது உன் கம்பெனி என்பது உனக்குத் தெரியாமல் இருக்காது. துணி வெட்டிய கூடத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து வரிசையாகக் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். நகர மன்றம் கட்டடத்தைச் சலுகையில் கொடுத்தது ஒரே நிபந்தனையின் பேரில்: கம்ப்யூட்டர் வேலையில் பாதி உள்ளூர்க்காரர்களுக்கு. இதுவரை எங்களுக்குக் கிடைத்தது வாசலும் துடைப்பமும் கேன்டீனும்தான். மாமா தொப்பி போட்டுக்கொண்டு கார்களுக்குத் தடுப்புக் கம்பைத் தூக்கிவிடுகிறார். "இருபது வருஷம் மெஷினைப் பிரிச்சு மாட்டின கை, இப்ப கம்பு தூக்குது" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் ஒரு நல்ல சேதி. நகர மன்றம் நூலகத்தில் ஆறு மாத இலவச வகுப்பு நடத்துகிறது. சாஃப்ட்வேரைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கு. எங்கள் சரிபார்ப்பு மேசைப் பெண்கள் முப்பத்தொரு பேரும் சேர்ந்து, இதோ படிப்பு முடியப் போகிறது. முதல் நாள் டீச்சர், "பிழை கண்டுபிடிச்சுப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் மேசையில் பொத்தான்களைச் சரிபார்த்தாளே, பொத்தான்காரி, அவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "பத்தொம்பது வருஷமா அதைத்தானே செஞ்சோம். இவங்களுக்குப் பேரே பூதக்கண்ணாடி" என்று என்னைக் கை காட்டினாள்.

அடுத்த மாதம் உன் கம்பெனிக்கு விண்ணப்பம் போடுகிறோம். உனக்கு நேரம் இருந்தால் நாலு வரி எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

ஜனவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முதுகுக்குப் புது நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், வலி குறைந்திருக்கிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? மாமாவுக்கு என் வணக்கம்.

நீ படிக்கிறாய் என்பது சந்தோஷம். ஆனால் அக்கா, வெளியிலிருந்து பார்ப்பது போல இல்லை இந்த வேலை. ஒன்பது மணி நேரம் திரையைப் பார்க்க வேண்டும். கண் போய்விடும். சின்ன வயசுக்காரர்களே திணறுகிறார்கள். நூலகத்திலேயே ஏதாவது உதவியாளர் வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பாரேன்.

நான் இருப்பது வேறு பகுதி. விண்ணப்பம், தேர்வு எதுவும் என் கைக்கு வராது. அதனால் என்னால் பெரிதாக உதவ முடியாது, தப்பாக நினைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ரத்த அழுத்தம் கட்டுக்குள்தான் இருந்தது, போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றுதான் முப்பத்தொரு பேரும் நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டோம். பெயர், ஊர், பிறந்த தேதி, அதற்குப் பிறகு ஒரு மணி நேரப் பரீட்சை. ஒரு போலி ஆன்லைன் கடையின் பக்கத்தைக் காட்டி, அதில் என்னென்ன பிழை என்று பத்தி பத்தியாக எழுதச் சொன்னார்கள். கை வலிக்க எழுதினேன். அனுப்பிய நாலாவது நிமிஷம் பதில் வந்தது: "உங்கள் விடைகளைக் கவனமாகப் பரிசீலித்தோம். வருந்துகிறோம்." முப்பத்தொரு பேருக்கும் அதே நாலு நிமிஷம், அதே வருத்தம்.

நான் எழுதியதை வாசிக்கவே பத்து நிமிஷம் ஆகும். நாலு நிமிஷத்தில் பரிசீலித்த அந்த மகானை ஒரு முறை பார்க்க வேண்டும். உன் அலுவலகத்தில் இதை யாரிடம் கேட்பது? பெயர் சொன்னால் போதும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

குளிர் அதிகமாக இருந்தால் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்.

அக்கா

*

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இத்துடன் ஒரு மூக்குக்கண்ணாடி அனுப்பியிருக்கிறேன். திரை வெளிச்சம் கண்ணை உறுத்தாது.

நீ கேட்டதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இப்போதெல்லாம் முதல் சுற்றை ஆள் பார்ப்பதில்லை, கம்ப்யூட்டரே முடிவெடுக்கிறது. அதில் கேட்பதற்கு யாரும் இல்லை. மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

கூடத்து விளக்கை மாற்றினீர்களா? போன முறை மங்கலாக இருந்தது.

உன் தம்பி

*

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடி வந்தது. நன்றாக இருக்கிறது. முன்பைவிட அதிகப் பிழை தெரிகிறது.

கம்ப்யூட்டர் முடிவெடுக்கிறது என்று எழுதியிருந்தாய். சரி, எப்படி எடுக்கிறது என்று பார்ப்போமே என்று உட்கார்ந்தோம். எங்கள் மேசையில் ஒரு சட்டை இழுத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் பிரிக்க மாட்டோம். ஒரு தையலை மட்டும் பிரிப்போம், மற்றதைத் தொட மாட்டோம். இழுப்பு போனால் குற்றம் அங்கே. போகாவிட்டால் அடுத்த தையல். அதையே செய்தோம். என் விடைகளையே எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டு, முதலில் ஊரை மாற்றினோம். தள்ளுபடி. படிப்பை மாற்றினோம். தள்ளுபடி. பெண் என்பதை ஆண் என்று மாற்றினோம், அப்போதும் தள்ளுபடி. பிறந்த தேதியை மாற்றி என்னை இருபத்தேழு வயசுக்காரியாக்கினோம். "வாழ்த்துகள், நேர்முகத்துக்குத் தேர்வாகியுள்ளீர்கள்!"

பொத்தான்காரி எழுந்து நின்று கை தட்டினாள். "அக்கா, உங்களுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம்" என்றாள். அப்புறம் ஒவ்வொரு வயசாக ஏற்றினோம். முப்பத்தைந்து வரை வாழ்த்து, முப்பத்தாறிலிருந்து வருத்தம். பொய்த் தேதி போட்டது தப்புதான், எல்லாவற்றையும் நாங்களே ரத்து செய்துவிட்டோம். ஆனால் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம். வயது வரம்பு என்று அறிவிப்பில் ஒரு வார்த்தை கிடையாது.

இதில் வேடிக்கை கேள். "தகுதியான உள்ளூர்க்காரர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை, ஆகவே பாதி வேலை நிபந்தனையை நீக்குங்கள்" என்று உன் கம்பெனி நகர மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறது. மே 14 பொது விசாரணை. நிபந்தனை போனால் எங்களுக்கு அந்தக் கட்டடத்தில் துடைப்பம் மட்டும்தான், என்றைக்கும். நான் பேசப் போகிறேன்.

இதைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா? அவசரமில்லை. நிதானமாக யோசித்து எழுது. விளக்கை மாற்றியாகிவிட்டது.

அக்கா

*

மார்ச் 25

அக்கா,

எல்லோரும் நலம்தானே.

தயவுசெய்து விசாரணைக்குப் போகாதே. உனக்கு இந்தக் கம்பெனியைத் தெரியாது. வக்கீல்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பொய்த் தேதி போட்டதையே உங்கள் மேல் திருப்புவார்கள். மாமா வேலை பார்ப்பது அதே வாசலில் என்பதையாவது நினைத்துப் பார். இருக்கிறதையும் கெடுத்துக்கொள்வானேன்?

ஏதோ ஒரு வரிக்காக ஊரையே கூட்டுகிறாய். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பி,

நாங்கள் நலம். உன் கடிதத்தை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். "கம்பு தூக்கற வேலை போனா கைக்கு ரெஸ்ட்னு சொல்லு" என்றார். ஆகவே அவரை வைத்து என்னைப் பயமுறுத்த வேண்டாம்.

"ஏதோ ஒரு வரி" என்று எழுதியிருக்கிறாய். கம்ப்யூட்டருக்குள் அது ஒரே ஒரு வரி என்று நான் உனக்குச் சொல்லவே இல்லையே.

இனி நானும் மறைப்பதாக இல்லை. பிப்ரவரியில் விண்ணப்பத்தைத் திறந்த அன்றே எனக்குத் தெரியும். பிறந்த தேதிக் கட்டத்தில் இப்படி எழுத வேண்டும் என்று மங்கலாக ஓர் உதாரணத் தேதி இருக்கிறதே, ஆகஸ்ட் 17, வருஷத்தோடு. அது என் பிறந்த தேதி. உலகத்தில் எத்தனையோ பேர் அன்று பிறந்திருக்கலாம். ஆனால் உதாரணம் என்று கேட்டவுடன் அந்தத் தேதியைத் தட்டுகிற கை ஒன்றுதான் இருக்க முடியும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, உன் விடுதி விண்ணப்பத்தில் வருஷா வருஷம் "பாதுகாவலர் பிறந்த தேதி" என்ற கட்டத்தில் நீ குண்டு குண்டாக எழுதிய தேதி அது. எட்டு வருஷம் எழுதினாய். நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, பார். கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். பொத்தான்காரி "என்னக்கா, திரையைத் தடவறீங்க?" என்று கேட்டாள். விடையை அனுப்பிய நாலாவது நிமிஷம் அந்தத் தேதிதான் என்னை வெளியே தள்ளியது. நீ காட்டிய உதாரணத்தையே போட்டால் உன் ஃபாரம் உள்ளே விடாது தம்பி. இவ்வளவு மோசமான தையலை நான் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை.

நீயாகச் சொல்வாய் என்று ஒன்றரை மாதம் காத்திருந்தேன். கண்ணாடி அனுப்பினாய்.

எங்கள் மேசை வழக்கம் உனக்குத் தெரியும், விடுதிக்குப் போவதற்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவோம். யார் தைத்தது என்று எங்கேயும் எழுத மாட்டோம். தைத்தவளைத் தனியாக மேசைக்குக் கூப்பிட்டுக் காட்டுவோம். அவளே பிரித்து, அவளே திரும்பத் தைக்க வேண்டும். அதனால் விசாரணையில் உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். அம்பை மட்டும் ஒட்டுவேன். இந்தக் கடிதம்தான் உன்னை மேசைக்குக் கூப்பிடுவது.

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. எனக்குக் கோபம்தான், நான் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்கா

*

மே 1

தம்பிக்கு,

நாங்கள் சுகம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பாய், பேச்சு வேறெங்கேயோ போய்விடும், அதனால் செய்யவில்லை.

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. முப்பத்தொரு பேரும் பழைய கம்பெனிச் சீருடையைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறோம். எனக்கு இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது, அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மே 11

அக்கா,

உன் நலம் விசாரிக்க எனக்கு முகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஒரு புதன்கிழமை மதியம் மேலாளர் என் மேசைக்கு வந்து, "முப்பத்தஞ்சுக்கு மேல வேண்டாம்ப்பா, பழக்கறது கஷ்டம். அறிவிப்புல போடாத, உள்ளுக்குள்ள போட்டுரு" என்றார். சரி என்றேன். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அரை மணி கழித்து உதாரணத்துக்கு ஒரு தேதி தேவைப்பட்டது, கை தானாகத் தட்டியது. இரண்டையும் ஒரே மதியம் எழுதினேன். ஒன்று மற்றதை மறிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தைந்துக்கு மேல் என்றால் அது யாரோ. உன்னை அந்தக் கணக்கில் நான் வைத்ததே இல்லை.

நீ படிக்கிறாய் என்று எழுதிய அன்றே அந்த வரியை எடுத்திருக்கலாம். பயந்தேன். வேலை போய்விடும், கட்டிய பெயர் போய்விடும் என்று பயந்தேன். உன் கண்ணைச் சாக்காகச் சொன்னேன். அதை நினைத்தால்தான் அதிக வெட்கமாக இருக்கிறது.

இன்று இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று இது.

உன் தம்பி

*

மே 17

தம்பிக்கு,

நான் நலம், தொண்டை மட்டும் கட்டிப் போயிருக்கிறது. உன் கடிதம் விசாரணை முடிந்த மறுநாள்தான் கைக்கு வந்தது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மன்றம் நிரம்பி, ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள். உன் மேலாளர் நல்ல சட்டை போட்டிருந்தார், இடது காலர் அரை நூல் ஏறி இருந்தது. "நாங்க கதவைத் திறந்துதான் வெச்சிருக்கோம், தகுதியான ஆள் வரலை" என்றார். நான் எழுந்தேன். சீருடையை இழுத்துச் சரி செய்துகொண்டேன்.

"சார், உங்க கம்பெனியிலேயே ரொம்பக் கெட்டிக்காரர் யாரு?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவரைக் காட்டினார், தலைமைச் சோதனையாளராம். "அவரே இந்த விண்ணப்பத்தைப் போடட்டும். பிறந்த தேதிக்கு மட்டும், நீங்களே உதாரணமா ஒண்ணு காட்டியிருக்கீங்களே, அதைப் போடட்டும்." மேலாளர் "இதெல்லாம் தேவையில்லாத நாடகம்" என்றார். மன்றத் தலைவி கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "எனக்கு நாடகம் பிடிக்கும். உட்காருங்க" என்றார்.

ஒரு மணி நேரம். அந்த மனுஷன் எழுதியதெல்லாம் பெரிய திரையில் தெரிந்தது. அருமையாக எழுதினார், நான் விட்ட இரண்டு பிழைகளைக்கூடப் பிடித்தார். எல்லோரும் டீ குடித்துக்கொண்டு பரீட்சை பார்த்தோம். அனுப்பினார். நாலாவது நிமிஷம் திரையில் வந்தது: "வருந்துகிறோம்."

மன்றமே சிரித்து அடங்க நேரமாயிற்று. அந்தத் தலைமைச் சோதனையாளர் சிரிக்கவில்லை. அவராகவே பிறந்த தேதியை மட்டும் முப்பது வயசு வருகிற மாதிரி மாற்றி மறுபடி அனுப்பினார். வாழ்த்துகள் வந்தது. மெதுவாக மேலாளர் பக்கம் திரும்பி, "சார், எனக்கு நாப்பத்தோரு வயசு" என்றார்.

நான் சொன்னேன்: "நாங்க வந்தோம். முப்பத்தொரு பேர் வந்தோம். நாங்க எழுதினதை யாரும் வாசிக்கலை. வாசிச்சுட்டுத் தகுதி இல்லைன்னு சொல்லுங்க, வாயை மூடிக்கிட்டுப் போறோம். வாசிக்காம சொன்னா இந்த இடத்தை விட்டு நகர மாட்டோம்." கத்தித்தான் சொன்னேன்.

மேலாளர் அது தொழில்நுட்பக் கோளாறு, யாரும் வேண்டுமென்று செய்ததில்லை என்றார். தலைவி என்னிடம், "இதை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "எங்க மேசையில ஆள் பேர் சொல்ற வழக்கம் இல்லைங்க" என்றேன். பொத்தான்காரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும்.

அப்போது மன்றச் செயலாளர் எழுந்து, "காலைத் தபால்ல ஒரு கடிதம் வந்திருக்கு, வாசிக்கலாமா?" என்று கேட்டார். "அந்த வரியை எழுதியவன் நான்" என்று தொடங்கியது. யார் சொன்னது, எந்த நாள், எந்த இடம், எல்லாம் இருந்தது. கடைசியில் உன் பெயரும் கையெழுத்தும் இருந்தன. அந்தக் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே எனக்குத் தெரியும்.

நான் அழுதேன். முப்பத்தொரு பேர் முன்னால், சீருடையில், மூக்கு ஒழுக அழுதேன். நீ கொடுத்த கண்ணாடி நனைந்துவிட்டது.

நிபந்தனை நிற்கிறது. முப்பத்தொரு விடைத்தாளையும் ஆள் வைத்து வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. நீ எப்படி இருக்கிறாய்? உடனே எழுது.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நிஜமாகவே நலம். விசாரணைக்கு மறுநாளே, மே பதினைந்தாம் தேதி, வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாசல்காரர், "எதையாவது மறந்துட்டீங்களா சார்?" என்று கேட்டார். மாமா நினைவுதான் வந்தது.

இப்போது பகலில் நன்றாகத் தூங்குகிறேன். முதுகுவலி போயே போய்விட்டது. முடிவு வந்ததா?

தம்பி

*

ஜூலை 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

விடைத்தாள்களை வாசித்தது அந்த நாற்பத்தோரு வயசுக்காரர். முப்பத்தொன்றில் இருபத்துநாலு பேர் தேர்வு. பொத்தான்காரிக்குக் கிடைக்கவில்லை. "வாசிச்சுட்டுத்தானே தள்ளினாங்க, சரி" என்று மறுநாளே அடுத்த வகுப்பில் சேர்ந்துவிட்டாள். விசாரணை முடிந்த வாரமே மாமாவின் தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவரும் நூலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு விரலால் தட்டுகிறார், சத்தமாகத் திட்டுகிறார்.

நான் திங்கள்கிழமை சேர்ந்தேன். துணி வெட்டிய கூடத்தில் மூன்றாவது வரிசை, என் பழைய மேசை இருந்த அதே இடம். இங்கேயும் பொறுப்பு பார்க்கிற உன் பழைய மேலாளர் எதிரில் வந்தால் வேறு பக்கம் பார்க்கிறார். நான் அவரையே பார்க்கிறேன். இடது காலரை இன்னும் சரி செய்யவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நீ அனுப்பிய இன்னொரு கடிதத்தினால் பாதி தீர்ந்தது, மீதி நேரில்தான் தீரும். அதனால் மூட்டையைக் கட்டு. அறை அப்படியே இருக்கிறது. நகர மன்றம் நூலக வகுப்புக்கு இன்னொரு ஆசிரியர் தேடுகிறது, வகுப்பு முழுக்க முப்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள், கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள். விண்ணப்பம் போடு. சிபாரிசு எதுவும் கிடையாது, பழைய மாணவி என்று தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? திருத்திய விண்ணப்பத்தைச் சோதிப்பது. உன் வரியை எடுத்துவிட்டார்கள். அந்த உதாரணத் தேதியையும் மாற்றிவிடலாமா என்று புதுப் பையன் கேட்டான். அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதையே போட்டுப் பார்த்தேன். உள்ளே விட்டது.

சீக்கிரம் வா.

அக்கா